இருபது நிமிஷத்துக்குப் பின் விழுந்த கோடு

தனிம்பார்,
4 மே 2015

யோஸ்,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

நீ கப்பலேறி ஒரு மாதம் ஆகிறது. கடற்பாசிக் கயிறு எட்டு வரிசை கட்டிவிட்டேன். ஒண்டியாகக் கட்டுவதால் மூன்று நாள் வேலைக்கு ஆறு நாள் பிடிக்கிறது. உப்பில் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதியவன்தானே நீ.

இப்போது செய்திக்கு வருகிறேன். பத்து நாளாக மீன் வாசனையே பிடிக்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனேன். டொர்த்தியா அக்கா, நம் தீவுக்கு இருக்கிற ஒரே நர்ஸ், ஒரு காகிதக் குச்சியைக் கொடுத்து நனைத்து வரச் சொன்னாள். இரண்டு கோடு விழுந்தது. "ரெண்டு கோடுடி ஓர்ப்பா. டிசம்பர்லேருந்து உனக்குத் தூக்கம் கெடையாது" என்றாள்.

முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். சொல்ல வேண்டியவன் பக்கத்தில் இல்லை. கூப்பிட்டுச் சொல்ல இங்கே போன் கோபுரமும் இல்லை. நீ இதைப் படிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரை இந்தச் செய்தி எனக்கு மட்டும்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்துவிடுவாய் அல்லவா? பிரசவமும் அப்போதுதான். பெயர் யோசித்து வை. வேளைக்குச் சாப்பிடு.

உன் ஓர்ப்பா


சுரங்க முகாம், ஹல்மஹேரா,
2 ஜூன் 2015

ஓர்ப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. தண்ணீர் கலங்கல்தான், பழகிவிட்டேன். உனக்கு வாந்தி எப்படி இருக்கிறது? கனமான கயிற்றை இழுக்காதே.

கடிதத்தை லாரி நிழலில் நின்று நான்கு தடவை படித்தேன். பெண் பிறந்தால் லெவினா. பையன் பிறந்தால் நீயே வை. எனக்கென்னவோ பெண்தான் என்று தோன்றுகிறது.

இங்கே எங்கு பார்த்தாலும் சிவப்பு மண். துவைத்தாலும் சட்டை சிவப்பு. திங்கள் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மலேரியாவுக்கு விரலில் குத்துகிறார்கள். சின்னக் கார்டுதான், உன் டொர்த்தியா அக்கா வைத்திருப்பது போல. ஒரு கோடு விழுந்தால் வேலைக்குப் போகலாம். இரண்டு விழுந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நோயாளிக் கொட்டகைக்குப் போக வேண்டும். போன வாரம் என் முன்னால் நின்றவனுக்கு இரண்டு. அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. உனக்கு இரண்டு கோடு விழுந்ததற்கு நாம் சந்தோஷப்படுகிறோம், பார்.

பக்கத்துப் படுக்கை ஜாவாக்காரன் வகிமான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் எடுத்த வயிற்றுப் பிள்ளையின் படத்தை அனுப்பியிருக்கிறாள். அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தினமும் அதனோடு பேசுகிறான். என் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது. நீயும் ஏதாவது அனுப்பு. எதுவாக இருந்தாலும் சரி.

விடுமுறைக்குக் கட்டாயம் வருவேன். மார்ச்சோடு ஒப்பந்தமும் முடிகிறது. அப்புறம் நம் கயிறு, நம் கடல்.

யோஸ்


தனிம்பார்,
28 ஜூன் 2015

என் யோஸ்,

வாந்தி நின்றுவிட்டது. பசிதான் தாங்கவில்லை, மரவள்ளி ஒரு கூடை இருந்தாலும் காணாது. உன் தோள்வலி பற்றி நீ எழுதவே இல்லை. நான் கேட்காவிட்டால் சொல்ல மாட்டாயோ?

வயிற்றுப் பிள்ளையைப் படம் எடுக்கிற மெஷினுக்கு நான் டவுனுக்குப் போக வேண்டும். போக ஒரு நாள், திரும்பிவரக் கப்பலுக்காக இரண்டு வாரம். அதுவரை பாசியை மீன் தின்றுவிடும். ஆனால் உனக்கு வேறொன்று அனுப்புகிறேன்.

டொர்த்தியா அக்காவுக்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான். அதற்குள் மலேரியாக் கார்டு, எச்.ஐ.வி. கார்டு, இன்னும் என்னென்னவோ. கரண்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோருக்கும் பார்க்க வேண்டுமென்று உத்தரவாம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், மேலே இரண்டு சொட்டு மருந்துத் தண்ணீர். கழுத்தில் தொங்குகிற கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரு கோடு. நான் சுத்தம்.

அந்தக் கார்டைக் கொடு என்று கேட்டேன். இங்கே எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். டவுன்காரிகளுக்குப் படம் இருக்கிறது, நமக்கு இதுதானே இருக்கிறது என்று வாங்கிப் பைபிளுக்குள் வைக்க ஆசை. அவள் யாருக்கும் தருவதில்லை. "போடி, இது என்ன உன் கல்யாண போட்டோவா? இருபது நிமிஷத்துக்கு மேல இது குப்பை. மஞ்சப் பெட்டியில போட்டு எரிக்கணும்" என்றாள். என் புருஷன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்று சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். யாரிடமும் சொல்லாதே என்று ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

பிளாஸ்டிக்கில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் காய்ந்திருப்பது என் ரத்தம், என் வயிற்றில் இருக்கிறவளுடைய ரத்தமும்தான். ஒரு கோடு, நல்ல கோடு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள். வகிமான் போல அதனோடு பேசு, வெட்கப்படாதே.

தோளுக்கு எண்ணெய் தடவு.

உன் ஓர்ப்பா


தனிம்பார்,
9 ஆகஸ்ட் 2015

யோஸ்,

சுகம்தானே? நாங்கள் இருவரும் சுகம். 'இருவரும்' என்று எழுதுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது.

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. இரண்டுக்கும் கரைக்குப் போய் நின்றேன். பையை அவிழ்த்துப் பெயர் படித்தார்கள். என் பெயர் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும், தெரிகிறது. கார்டு வந்து சேர்ந்ததா என்று மட்டுமாவது எழுது. ஒரு வரி போதும்.

அவள் உதைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் குனிந்து கயிறு கட்டும்போதுதான் உதைக்கிறாள். வேலை செய்யப் பிடிக்காது போலிருக்கிறது. யாரைக் கொண்டு பிறக்கப் போகிறாளோ.

பத்திரமாக இரு.

ஓர்ப்பா


தனிம்பார்,
20 செப்டம்பர் 2015

யோஸ்,

நீ நலமாக இருக்கிறாய் என்று கப்பல் சமையற்காரர் சொன்னார். அங்கே துறைமுகத்தில் நீயே வந்து பொட்டலத்தைக் கொடுத்தாயாமே. கொஞ்சம் இளைத்திருக்கிறாய் என்றார். உன் உடம்பைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது.

பொட்டலத்தைப் பிரித்தேன். குட்டிச் சட்டை நான்கு, ஒரு போர்வை, பால் பவுடர் ஆறு டப்பா. சட்டைகளை உதறிப் பார்த்தேன். போர்வையை விரித்துப் பார்த்தேன். டப்பாக்களுக்கு அடியிலும் பார்த்தேன். கடிதம் இல்லை.

பொட்டலம் கட்டத் தெரிந்த கைக்கு இரண்டு வரி எழுத முடியாதா? பிறக்காத பிள்ளைக்குப் பால் பவுடர் எதற்கு? எனக்குப் பால் வராதென்று யார் சொன்னார்கள்?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் பழைய கடிதங்கள் என்னிடம் இல்லை, எடுத்துப் பார்க்க. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. இந்த வீடு இரண்டு பேருக்குக் கட்டியது. ஒருத்திக்கு ரொம்பப் பெரியதாக இருக்கிறது.

எழுது. திட்டியாவது எழுது.

ஓர்ப்பா


சுரங்க முகாம்,
12 அக்டோபர் 2015

ஓர்ப்பாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய வேண்டும். காய்ச்சல் வருகிறதா? எடை குறைகிறதா? வாயில் புண் ஏதாவது இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

டொர்த்தியா அக்கா டாக்டர் இல்லை. நீ டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தை மறுபடியும் பார்க்கச் சொல். பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள். பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்காதே. டப்பாப் பால் கொடு. ஏன் என்று கேட்காதே.

கிறிஸ்துமஸுக்கு என்னால் வர முடியாது.

யோஸ்


தனிம்பார்,
6 நவம்பர் 2015

யோசியாஸ் அவர்களுக்கு,

காய்ச்சல் இல்லை. வாயில் புண் இல்லை. எடை ஏறிப் படகுத்துறைப் பலகை என் காலடியில் முனகுகிறது. போதுமா? இப்படிக் கேள்வி கேட்க டவுன் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, புருஷன் எதற்கு?

டவுனுக்கு நான் எப்படிப் போவேன்? மேற்குக் காற்று இறங்கப் போகிறது. இந்த மாதக் கப்பலை விட்டால் ஜனவரிக் கடைசிதான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அங்கே யார் வீட்டுத் தரையில் படுப்பேன்?

நீ வரமாட்டாய் என்பதைப் படித்துவிட்டுக் கடலில் இறங்கினேன். வேலை இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

ஒன்றே ஒன்று சொல். அந்தக் கார்டை ஒட்டினாயா, இல்லையா? ஆகஸ்டிலிருந்து கேட்கிறேன்.

உன் உடம்பையும் கவனி.

ஓர்ப்பா


சுரங்க முகாம்,
30 நவம்பர் 2015

ஓர்ப்பா,

இது கிடைக்கும்போது நீ சுகமாகப் பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஐந்தை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஆறாவது.

கார்டை ஒட்டவில்லை. உன் கவரை மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். வகிமான் எட்டிப் பார்த்தான். கார்டில் இரண்டு கோடு இருந்தது. ஒன்று அழுத்தமாக, ஒன்று மங்கலாக. ஓரத்தில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்தது. சட்டென்று பையில் போட்டுக்கொண்டேன். நீ ஒரு கோடு என்று எழுதியிருக்கிறாய். அக்கா உன்னிடம் மறைத்திருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்த வேண்டாமென்று, என்று நினைத்தேன்.

போன வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட இருந்தவர்களோடு ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரு தடவைதான். அது முடிந்து இரண்டு மாதத்தில் கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் வந்தேன். ஆக, உனக்குக் கொடுத்தது நான்தான். உனக்கும் அவளுக்கும். இதை எந்தக் கையால் எழுதுவேன் சொல். பால் வழியாகவும் போகும் என்று இங்கே யாரோ பேசக் கேட்டுத்தான் டப்பாக்களை அனுப்பினேன்.

என் ரத்தத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான்கு மாதம் கழித்துப் போன வாரம்தான் முகாம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கோடு. நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் ஒரு கோடு. எனக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் உனக்கு எங்கிருந்து வந்தது, ஓர்ப்பா? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதக் கூப்பிடுகிறார்கள். ஜனவரி 31க்குள் சொல்ல வேண்டும். உன் பதிலைப் பார்த்துத்தான் வீடு திரும்புவதா என்று முடிவு செய்வேன்.

யோஸ்


தனிம்பார்,
27 ஜனவரி 2016

யோஸ்,

உன் மகள் சுகம். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் பிறந்தாள். லெவினா என்றே பெயர் வைத்தேன். நானும் பிழைத்துத்தான் இருக்கிறேன். டிசம்பர் முழுக்கக் கப்பல் இல்லை. முந்தாநாள்தான் வந்தது, அதில்தான் உன் கடிதம். இன்று மத்தியானம் அதே கப்பல் திரும்புகிறது. இதை வேகமாக எழுதுகிறேன்.

கடிதத்தை டொர்த்தியா அக்காவிடம் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது? ஒரு கோடு விழுந்த கார்டில் பிறகு இரண்டாவது கோடு வருமா என்று மட்டும் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் அதைக் குடுத்திருக்கவே கூடாது. அந்த இருபது நிமிஷத்துக்குள்ள தெரியிறதுதான் கணக்கு. அப்புறம் ரத்தம் காஞ்சு என்ன கோடு வேணா விழும்" என்றாள்.

அப்போதே என் விரலில் மறுபடி குத்தினாள். லெவினா மடியில் கிடந்தாள். கடிகாரத்தை நானும் பார்த்தேன். ஒரு கோடு. அந்தக் கார்டையும், அன்று வந்த நான்கு பெண்களின் கார்டையும் ஜன்னலில் வைத்தாள். எல்லாம் ஒரு கோடு. மறுநாள் போய்ப் பார்த்தால் ஐந்தில் இரண்டில் மங்கலாக இன்னொரு கோடு வந்திருந்தது. உன்னுடையது மூன்று வாரம் கப்பல் ஈரத்தில் கிடந்தது.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். எங்கிருந்தும் வரவில்லை.

இருபது நிமிஷத்துக்கு மேல் அது குப்பை என்று அந்தக் கவருக்குள்ளேயே நான் எழுதியிருந்தேன். நீ கோட்டைப் படித்தாய். கடிதத்தைப் படிக்கவில்லை.

நீ சொன்னாயே என்று முதல் வாரம் அவளுக்கு டப்பாப் பால் கொடுத்தேன். மார்பு கல்லாகி வலித்தது, அப்படியும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தாய், கேட்கவில்லை. தண்ணீர் சேராமல் அவளுக்குப் பேதி. எட்டாம் நாள் அழக்கூடச் சத்தம் வரவில்லை. டொர்த்தியா அக்கா வந்து டப்பாவைப் பிடுங்கி எறிந்து அவளை என் மார்பில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அந்த வீட்டுக்குப் போனாய் என்று படித்து அழுதேன். அழாமல் என்ன. ஆனால் அதை அழுது முடித்துவிடலாம். நான் சாகப்போகிறேன் என்று நான்கு மாதம் நினைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதவில்லையே, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுவரில் ஒட்ட ஏதாவது கேட்டாய். டொர்த்தியா அக்கா லெவினாவின் காலில் மை தடவிக் காகிதத்தில் பதித்துக் கொடுத்தாள். இத்துடன் இருக்கிறது. இதை எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும் இதேதான்.

கப்பல் ஊதுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓர்ப்பா


சுரங்க முகாம்,
20 பிப்ரவரி 2016

ஓர்ப்பா,

நீயும் லெவினாவும் நலமாக இருக்க வேண்டும். அவளுக்கு வயிறு சரியாகிவிட்டதா? அதை எழுதிவிட்டு மற்றதை எழுது.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நான் ஜனவரி 31 அன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். மேற்குக் காற்றில் கப்பல் வராது என்று தீவில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்திருந்தும், பதில் சொல்ல உனக்கு வாயில்லை, அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபத்தில் போட்ட கையெழுத்து.

நேற்று மேஸ்திரியிடம் போய் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நடக்காது என்றுவிட்டார். முதல் விடுமுறையே ஒரு வருஷம் கழித்துத்தான்.

பழைய கார்டை அடுப்பில் போட்டேன். பாதத்தைச் சுவரில் ஒட்டினேன். வகிமான் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பூனை மிதிச்சிட்டுப் போன மாதிரி" என்றான். என் பொண்ணு என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். விரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

என்னை மன்னி என்று எழுதுவது சுலபம். அதனால் எழுதவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் எழுதுவேன், பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

யோஸ்


தனிம்பார்,
18 மார்ச் 2016

யோஸ்,

வயிறு சரியாகிவிட்டது. கன்னம் வைத்திருக்கிறாள். எனக்கும் ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. உன் தோள் எப்படி?

காற்று அடங்கிவிட்டது. அவளைத் துணியில் கட்டிக் கரையில் படுக்க வைத்துவிட்டு மறுபடி கயிறு கட்டுகிறேன். ஒப்பந்தம் முடிந்து நீ வருகிற மாதம் இது. எட்டு வரிசை போதும் என்று நிறுத்தியிருந்தவள் பன்னிரண்டு கட்டினேன், இரண்டு பேர் இழுப்போம் என்று. உன் கடிதம் வந்த பிறகு நான்கை அவிழ்த்துவிட்டேன்.

நேற்று டொர்த்தியா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நேரம் கழித்து விழுகிற கோடு கணக்கில்லை என்கிறாயே, நேரம் கழித்து எழுதுகிறவனை என்ன செய்வது என்று கேட்டேன். அவள் கார்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, "அதுக்குக் கார்டு வரலடி ஓர்ப்பா" என்றாள். எனக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

இந்தக் கப்பலிலும் ஒரு பாதம் அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதத்துப் பாதம். முந்தினதை எடுத்துவிடாதே, பக்கத்தில் ஒட்டு. நீ வருவதற்குள் அவள் நடந்துவிடுவாள், அந்தச் சுவரிலாவது கொஞ்சம் கொஞ்சமாக உன்னிடம் நடந்து வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

ஓர்ப்பா